மெழுகும் மெருகும்

போன மாதம் ஒரு மனிதரின் வயிற்றில் அடிக்க இருந்தேன். ஆயுதம்: செல்போனில் எடுத்த ஒரு போட்டோ. காரணம்: என் காரின் பளபளப்பு.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வயதான சின்னக் கார். இன்னும் 16 தவணை பாக்கி இருப்பதால் 'என் கார்' என்று சொல்வதைவிட, பாங்க்கின் காரை நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது பொருத்தம். நிறம் கறுப்பு. வாங்கும்போதே மனைவி, "வெள்ளை வாங்குங்க, தூசி தெரியாது" என்றாள். "கறுப்புதான் கம்பீரம்" என்றேன். கறுப்புக் காரில் கம்பீரம் தெரிகிறதோ இல்லையோ, மற்றதெல்லாம் தெரிகிறது. தூசி தெரிகிறது. காக்காய் எச்சம் தெரிகிறது. மூன்றாவது மாடிப் பொடியன் விரலால் எழுதிய அவன் பெயர், இனிஷியலோடு தெரிகிறது.

மடிப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டில் கூரை போட்ட பார்க்கிங் கிடைத்தவர்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்கள். எனக்குக் கிடைத்தது வாதாமரத்தடி. மேலே காக்காய். குழாயில் போர் தண்ணீர். அந்தத் தண்ணீரை நாலு நாள் வைத்தால் நீல பக்கெட் வெள்ளை பக்கெட் ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் காபியோடு காரைத் தள்ளி நின்று ரசிக்கலாம் என்று போனேன். பானெட்டில் சூரியன் தெரிந்தது. அதைச் சுற்றி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். சிலந்தி வலை மாதிரி! கதவைப் பார்த்தேன். அங்கேயும் வலை. டிக்கியிலும் வலை. பகீரென்றது.

'கார் டீட்டெய்லிங்' என்று போர்டு போட்ட ஒரு கடைக்கு ஓடினேன். (முன்பெல்லாம் இதற்கு 'வாட்டர் சர்வீஸ்' என்று பெயர். பெயர் மாறியதும் ரேட்டும் மாறிவிட்டது.) டீ ஷர்ட் போட்ட இளைஞர் டார்ச் அடித்துப் பார்த்து, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்வர்ல் மார்க்ஸ் சார். தப்பா துடைச்சா வரும். கரெக்‌ஷன் பண்ணி, செராமிக் கோட்டிங் போட்டுடலாம். 22,000 ஆகும்."

22,000 என்பது என் இரண்டு மாதத் தவணை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஆனால், 'தப்பா துடைச்சா வரும்' என்ற மூன்று வார்த்தை மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. என் காரைத் துடைப்பவர் யார்?

பெரியவர்.

அறுபது வயதிருக்கும். விடியற்காலை நாலரை மணிக்கு சைக்கிளில் வந்து எங்கள் ஃப்ளாட்டில் 11 கார்களைத் துடைப்பார். ஒரு காருக்கு மாதம் 500 ரூபாய். நாங்கள் பல் தேய்க்க எழுந்திருக்கும்போது அவர் போயிருப்பார். முதல் தேதி தவிர அவர் முகத்தைப் பார்க்கிற சந்தர்ப்பமே கிடையாது. மறுநாள் அலாரம் வைத்து எழுந்து, அவரைப் பிடித்தேன்.

"பெரியவரே, வண்டியைச் சுத்திச் சுத்தித் தேய்க்கறீங்களா?"

"இல்லியே சார். நேரா இழுத்துத்தான் தொடைப்பேன். தண்ணி ஊத்தாம துணியே வெக்க மாட்டேன்."

"அப்ப இந்த வட்டமெல்லாம் எப்படி வந்துது?"

குனிந்து பார்த்தார். கண்ணாடி போடாத கண். "தெர்லியே சார்..." என்றார்.

மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். 'இந்த வட்டங்களைப் பாருங்கள். இதற்குத்தான் மாதம் 500 கொடுக்கிறோமா?'

அதுவரை குட்மார்னிங் ரோஜாப்பூவும் மோட்டார் ரிப்பேரும் மட்டுமே பார்த்த குரூப் அது. பற்றிக்கொண்டுவிட்டது. இரண்டாவது மாடி ஆடிட்டர் தன் காரில் வட்டம் கண்டார். முதல் மாடி டீச்சர் கண்டார். மத்தியானத்துக்குள் ஏழு கார்களில் வட்டம். சாயங்காலம் செக்ரட்டரி தீர்ப்பு எழுதிவிட்டார். 'ஒண்ணாம் தேதியிலிருந்து வேறு ஆள் பார்க்கலாம்.' இரண்டு வீட்டுக்காரர்கள் ஒண்ணாம் தேதி வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள்.

நியாயத்தை நிலைநாட்டிய திருப்தியோடு நான் மெழுகு வாங்கக் கிளம்பினேன்.

சென்னையில் கார் சாமான் என்றால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. கடைக்காரரிடம், "காருக்கு வேக்ஸ் வேணும்" என்றேன். மேஜையில் பதினாலு டப்பா வைத்தார். வேக்ஸ், பாலிஷ், காம்பவுண்ட், சீலன்ட், க்ளீனர் வேக்ஸ், ஸ்ப்ரே வேக்ஸ்... எல்லா டப்பாவிலும் ஒரு சிவப்புக் கார், ஒரு மின்னல்.

என் முழியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவரே பாடம் எடுத்தார். நல்ல வாத்தியார். எனக்குப் புரிந்ததை அப்படியே தருகிறேன்.

பாலிஷ், காம்பவுண்ட் இரண்டும் ஒரு ஜாதி. உள்ளே நைஸான உப்புத்தாள் பொடி இருக்கிற மாதிரி. பெயின்ட்டை மேலாகச் சுரண்டி எடுத்து மழமழவென்று ஆக்கும். வேக்ஸ், சீலன்ட் இரண்டும் இன்னொரு ஜாதி. எதையும் எடுக்காது, மேலே படலமாக உட்காரும். இந்த வித்தியாசம் தெரியாமல், 'பாலிஷ்தானே, பளபளப்பு வரும்' என்று மாதாமாதம் காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அவர்கள் காருக்கு மாதாமாதம் தோல் உரிகிறது.

வேக்ஸில் உசத்தி, கார்னோபா. வடகிழக்கு பிரேசிலில் ஒரு பனை ஜாதி மரம் இருக்கிறது. அங்கே அடிக்கிற வெயிலில் இலையில் உள்ள தண்ணீர் ஆவியாகிவிடாமல் இருக்க, அந்த மரம் தன் இலைமேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. இலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் பொடியாக உதிரும். அதை உருக்கினால் கார்னோபா. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும்கூட மேல்பூச்சாக இதைப் போடுகிறார்கள். ஆகவே, உங்களில் பலர் இதைச் சாப்பிட்டே இருக்கிறீர்கள். 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். தனியாக இருந்தால் கல் மாதிரி இருக்கும், தடவ முடியாது. அதனால் எண்ணெயும் கரைப்பானும் கலந்துதான் டப்பாவில் அடைக்கிறார்கள். 'சுத்த கார்னோபா' என்று டப்பா சொன்னால், டப்பா முழுக்க அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள்.

பூசினால் அழகு, சந்தேகமே இல்லை. கறுப்புக் காரில் ஈரம் மினுங்குகிற மாதிரி ஓர் ஆழம் தெரியும். ஆனால், ஆயுசு கம்மி. ஒன்றிரண்டு மாதம் தாங்கினால் பெரிது. வாதாமரத்தடியில், மடிப்பாக்கம் வெயிலில், அதுகூட உத்தரவாதம் இல்லை.

சீலன்ட் என்பது மரம் செய்ததல்ல, மனிதன் செய்தது. பாலிமர். சுத்தமான பெயின்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை நிற்கும். பளபளப்பு கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும். வேக்ஸின் ஆழம் வராது.

இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் முதலில் சீலன்ட், அது காய்ந்த பிறகு மேலே வேக்ஸ். மாற்றிப் போட்டால் மெழுகுக்கு மேல் சீலன்ட் பிடிக்காது, இரண்டு செலவும் வேஸ்ட்.

செராமிக்? அது சிலிக்கா குடும்பம். ஒழுங்காகப் போட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் போடுவதற்கு முன் பெயின்ட்டைச் சரிசெய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கீறலுக்கு மேல் கண்ணாடி போட்டு மாட்டிய மாதிரி. அதைப் போட்ட பிறகும் காரைக் கழுவத்தான் வேண்டும். போர் தண்ணீர் அதன்மேலும் வெள்ளைப் புள்ளி வைக்கும்.

கடைசியாகக் கடைக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், வண்டி ஷோவுக்கா, ஆபீசுக்கா?"

"ஆபீசுக்கு."

"அப்ப சீலன்ட் எடுத்துக்குங்க. லிக்விட். வருஷத்துக்கு ரெண்டு தடவை. போதும்."

ஒரு பாட்டில் சீலன்ட்டும், நாலு மைக்ரோஃபைபர் துணியும், ஆசை விடாமல் சின்ன டப்பா வேக்ஸும் வாங்கினேன். 22,000-இல் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

நேரே நங்கநல்லூர் போனேன். அங்கே என் மாமா இருக்கிறார். பெயின்ட் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சுவர் காய்வதைப் பார்ப்பது அவருக்கு சினிமா பார்ப்பது மாதிரி. அவரிடம் பாட்டிலைக் காட்டிவிட்டு, வட்டத்தின் கதையையும் பெரியவரின் கதையையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மாமி! ஒரு எவர்சில்வர் மூடி கொண்டா" என்றார்.

மூடி வந்தது. வருஷக்கணக்கில் தேய்த்துத் துலக்கிய மூடி. "செல்போன் லைட்டை அடிடா" என்றார். அடித்தேன். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்.

"இப்ப லைட்டை நகர்த்து."

நகர்த்தினேன். வட்டமும் கூடவே நகர்ந்தது! மூடியின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஓரத்தில் வட்டம். நடுவில் வைத்தால் நடுவில் வட்டம்.

"கீறல் நகருமாடா?"

"நகராது..."

"அப்ப வட்டம் எங்க இருக்கு?"

நான் பேசவில்லை. மாமா விளக்கினார். மூடியில் இருப்பது ஆயிரக்கணக்கான குட்டிக் கீறல்கள். எல்லாத் திசையிலும், பெரும்பாலும் நேர்கோடுகள். வெளிச்சத்துக்குக் குறுக்காகக் கிடக்கிற கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுகின்றன. மற்றவை அங்கேயே இருந்தாலும் தெரிவதில்லை. ஆகவே, விளக்கை எங்கே வைத்தாலும் அதைச் சுற்றி வட்டம் கட்டிய மாதிரி கண்ணுக்குத் தோன்றும். சூரியனும் ஒரு விளக்குதான்.

"அந்தப் பெரியவர் நேரா இழுத்துத் துடைச்சேன்னு சொன்னாரே, அது பொய்யாவே இருக்கணும்னு அவசியமில்ல. சரி, காரை யாராவது உலர்ந்த துணியால துடைக்கறாங்களா?"

கேட்டவுடன் எனக்கு வியர்த்தது.

தினமும் காலை எட்டரை மணிக்கு, ஆபீசுக்குக் கிளம்பும் முன், டோர் பாக்கெட்டிலிருந்து ஒரு துணியை எடுப்பேன். என் பழைய பனியன். அதற்குள் மரத்தடியில் விழுந்திருக்கிற தூசி, காய்ந்த எச்சம், இலைத்துணுக்கு எல்லாவற்றையும் அதனால் சரக் சரக்கென்று தேய்ப்பேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நாலு வருஷமாக இதுதான் என் தேகப்பயிற்சி. அந்தத் துணி தரையில் விழுந்தால் உதறிவிட்டு மறுபடி தேய்ப்பேன். ஆடிட்டரும் அப்படித்தான். டீச்சர் வைத்திருப்பது கோழி இறகு பிரஷ். ஏழு காரில் வட்டம் வந்த ரகசியம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

மாமா விடவில்லை. "காரோட பெயின்ட் மொத்தமே கிட்டத்தட்ட 120 மைக்ரான். அடியில துரு பிடிக்காம ஒரு கோட், பிரைமர், கலர், மேலே கிளியர் கோட்டுனு ஒரு கண்ணாடிப் படலம். அந்தக் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருந்தா அதிகம். உன் தலைமுடி ஒண்ணு எழுபது மைக்ரான் இருக்கும்" என்றவர், என் தலையைப் பார்த்துவிட்டு, "முன்னே இருந்தப்போ" என்று சேர்த்துக்கொண்டார். "வெயிலைத் தாங்கறது அந்தப் படலம்தான். ஒவ்வொரு பாலிஷுக்கும் அதுல ஒண்ணு ரெண்டு மைக்ரான் போகும். போனது திரும்பி வராது. நீ வாங்கியிருக்கிற சீலன்ட் ஒரு மைக்ரான்கூடத் தேறாது. அது எப்படிடா மண்ணுல தேய்க்கறதைத் தடுக்கும்?"

"பின்ன எதுக்கு மாமா அது?"

"தேய்க்காம இருக்கறதுக்கு! சீலன்ட் போட்டா தூசி ஒட்டாது, எச்சம் ஊறாது, தண்ணி ஊத்தினாலே பாதி போயிடும். கை கம்மியா படும். கை கம்மியா பட்டா கீறல் கம்மி. அவ்வளவுதான் அதோட வேலை."

இளைஞர்களே, நீங்களும் புதிதாக லோன் போட்டுக் கார் வாங்கியிருந்தால் இந்த ஒரு வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த பிராண்ட் என்பது அப்புறம். எந்தத் துணி, எத்தனை தண்ணீர் என்பதுதான் முதலில்.

அடுத்த ஞாயிறு நான் செய்ததைச் சொல்கிறேன். காரை நிழலுக்குக் கொண்டுபோனேன். பானெட் கைபொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தேன். முதலில் தண்ணீர் மட்டும் ஊற்றி மண்ணை இறக்கினேன். பிறகு இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புக்குள் விட வேண்டும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஆகாது, அது பழைய மெழுகையும் சீலன்ட்டையும் சேர்த்துக் கழுவிவிடும். மேலிருந்து கீழே துடைக்க வேண்டும், சக்கரம் கடைசி. போர் தண்ணீரைத் தானாகக் காயவிடக் கூடாது. உடனே துடைக்காவிட்டால் தண்ணீர் போய் சுண்ணாம்பு நிற்கும்.

காய்ந்தபின், கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பார்த்தேன். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் போனால் தெரியும். சொரசொரவென்றால் 'க்ளே பார்' என்று களிமண் மாதிரி ஒன்று விற்கிறார்கள், ஈரத்தோடு உருட்டித் தடவினால் ஒட்டியிருப்பதை எடுத்துவிடும். அதையும் செய்தேன். பிறகு சீலன்ட். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி லேசாக, ஒரு பகுதி முடிந்தபின் அடுத்தது. கறுப்பு பிளாஸ்டிக்கில் படாமல். பட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். பாட்டிலில் சொன்ன நேரம் பொறுத்துத் துடைத்தேன். அன்று முழுக்க ஈரம் படாமல் பார்த்துக்கொண்டேன்.

எச்சம் விழுந்தால் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு ஊறவிட்டு, அப்படியே எடுக்க வேண்டும். ஆனால் நாளைக்கு என்று விடக் கூடாது. வெயிலில் காய்ந்த எச்சம் பெயின்ட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை என்றாரே, எப்போது? என் கணக்கு: சித்திரை வெயிலுக்கு முன் ஒன்று, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன் ஒன்று. ஐப்பசி மழைக்கும் ஆச்சு, பானெட்டில் வைக்கிற சந்தனம் குங்குமம் கறை பிடிக்காமல் போவதற்கும் ஆச்சு.

கார் பளபளத்தது. கீறல்கள் அங்கேதான் இருந்தன. சூரியனைச் சுற்றி வட்டமும் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைந்தது. ஒண்ணாம் தேதிக்கு ஆறு நாள்தான் பாக்கி.

வாட்ஸ்ஆப்பில் குற்றம் சாட்டுவதற்கு எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தப்பை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. ஐந்து தடவை எழுதி ஐந்து தடவை அழித்தேன். 'ஒரு சிறு தவறான புரிதல்' என்று ஆரம்பித்தேன். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மனைவி, "சிறுசா? அவருக்கு ஆயிரம் ரூபா போயிருக்கு" என்றாள். கடைசியில் எவர்சில்வர் மூடியை வீடியோ எடுத்துப் போட்டு, கீழே எழுதினேன்: 'கீறல் போட்டது பெரியவர் இல்லை. நான். என் பனியன். உங்கள் காரில் வட்டம் இருந்தால் உங்கள் துணியைப் பாருங்கள்.'

அரைமணி நேரம் ஒரு பதிலும் இல்லை. அந்த நேரத்தில் பத்து வீட்டு அடுக்களையில் பத்து மூடியில் லைட் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆடிட்டர் மட்டும் 'நோட்டட்' என்று எழுதினார். ஆடிட்டர் அகராதியில் அது மன்னிப்பு. வேறு ஆள் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது. நிறுத்திய இரண்டு வீட்டில் ஒருவர் மறுபடி கூப்பிட்டுக்கொண்டார். இன்னொருவர் கூப்பிடவில்லை. அந்த 500 ரூபாய் நான் கெடுத்தது. அதனால் என் காருக்கு இப்போது 1,000 கொடுக்கிறேன். செராமிக்கை விட லாபம்.

மறுபடி அலாரம் வைத்து எழுந்தேன். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நெளிந்தார். "விடு சார், வண்டின்னா கீறல் வரத்தான் செய்யும்" என்றார். மைக்ரோஃபைபர் துணி இரண்டும், இன்னொரு பக்கெட்டும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "அந்தச் சின்ன டப்பா என்னா சார்?" என்றார்.

"வேக்ஸ். கார்னோபா. பிரேசில்லேர்ந்து வருது. வேணுமா?"

எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று நல்ல மழை. ஆபீஸ் கிளம்ப இறங்கினேன். கேட் ஓரமாகப் பெரியவர் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள். இருபது வருஷத்துப் பழைய கறுப்பு சைக்கிள். அதன் பார்மேல் மழைத்துளிகள் முத்து முத்தாக உருண்டு நின்றன. என் காரைத் திரும்பிப் பார்த்தேன். மறுபடி சைக்கிளைப் பார்த்தேன்.

கறுப்புதான் கம்பீரம்.